காவல் இருந்தால் கதவு திறந்திருக்கும்

எங்கள் காரில் நான்கு கதவுகளும் ஒழுங்காகத்தான் பூட்டிக்கொண்டிருந்தன, என் வீட்டுக்காரர் கை வைக்கிற வரைக்கும். ஸ்டியரிங் பக்கக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினால் நான்கு பூட்டும் டபக்கென்று ஒன்றாக விழும். மறுபடி திருப்பினால் நான்கும் எழும். இதற்கு மேல் ஒரு கதவிடம் என்ன எதிர்பார்ப்பது? நான் எதிர்பார்க்கவில்லை. அவர் எதிர்பார்த்தார்.

எல்லாம் எனக்கு லைசென்ஸ் வந்ததால் வந்த வினை. பழைய கார் ஒன்றை வாங்கிய கையோடு சித்தூரில் இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். எனக்கு ஓட்ட வந்தது. அவருக்கு வரவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டு மதில் அதற்குச் சாட்சி. அதற்குப் பிறகு அவர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து எனக்குப் பாதுகாப்பு கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். நான் தனியாக எங்காவது போய் நிறுத்தினால் எவனாவது கதவைத் திறந்து ஏறிவிடுவான் என்று அவருக்கு ஒரு பயம். போனில் அந்த மாதிரி வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்ப்பார். பார்த்துவிட்டு எனக்கும் அனுப்புவார். ஒருநாள் பஜாரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். கார் அலாரம்.

கடைக்காரரே வந்து மாட்டித் தருகிறேன் என்றாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவரிடம் கரண்ட் வேலைக்கு ஆள் வைக்கச் சொன்னால் கோபம் வராதா? வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு காருக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டார். தலை பிரேக்குக்குப் பக்கத்தில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, சாருக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அட்டைப்பெட்டிக்குள் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு சைரன், ஒரு ரிமோட், பிறகு ஒரு கூடை ஒயர். ரிமோட்டில் இரண்டு பொத்தான். ஒன்றில் மூடிய பூட்டுப் படம், இன்னொன்றில் திறந்த பூட்டுப் படம். சைரனை பானெட்டுக்குள் வைத்தார். கறுப்புப் பெட்டியை ஸ்டியரிங்குக்கு அடியில் கட்டினார். இதுவரைக்கும் சரிதான். கடைசி வேலைதான் வேலை. கார்க் கதவிலிருந்து இரண்டு ஒயர் வருகிறது. ஒன்று நான்கு கதவையும் பூட்டச் சொல்வது, இன்னொன்று திறக்கச் சொல்வது. கறுப்புப் பெட்டியிலிருந்தும் அதே மாதிரி இரண்டு. இதை அதோடும் அதை இதோடும் சேர்க்க வேண்டும். எதை எதோடு என்பதுதான் கேள்வி. பெட்டியோடு வந்த தாளில் ஒரு நிறம் போட்டிருந்தது, ஒயர் வேறு நிறத்தில் இருந்தது. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு முறுக்கி டேப் சுற்றிவிட்டார்.

சரியா தப்பா என்று தெரிய ஒரு தடவை ஆன் செய்து பொத்தானை அமுக்கினால் போதும். அதைத்தான் நானும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் மிக்ஸியானாலும் சரி, டிராக்டரானாலும் சரி, முதல் முதலில் சாமி முன்னால்தான் ஓட வேண்டும். அன்றைக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய் காருக்குப் பூஜை போடுவதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம், பிள்ளையாரிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

"எச்சில் பண்ணிட்டு சாமிக்குப் படைப்பாங்களா? இன்னா பேச்சு பேசறே நீ" என்றார்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. குளித்துவிட்டுக் கிளம்பினோம்.

காணிப்பாக்கத்தில் அன்றைக்கு வண்டிப் பூஜைக்கு நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் பூஜாரி பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிறு கட்டினார். இவர் கீழே குனிந்து கறுப்புப் பெட்டியையும் காட்டி, இதற்கும் கட்டுங்கள் சாமி என்று தெலுங்கில் கேட்டார். லாரிக்குக் கட்டியவர், போர்வெல் வண்டிக்குக் கட்டியவர், இந்த மாதிரி ஒரு பெட்டிக்குக் கட்டியதில்லை போலிருக்கிறது. ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அதற்கும் நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டு, பொட்டும் வைத்தார். கற்பூரம் காட்டியதும் இவர் பெட்டியை ஆன் செய்தார். தேங்காய் உடைத்தார்கள். நான் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு காரை முன்னால் நகர்த்தி நிறுத்தினேன்.

இரண்டு பேரும் இறங்கிக் கதவைச் சாத்தினோம். அவர் ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடிய பூட்டுப் படத்தை அமுக்கினார். கீக் என்றது. கதவு பூட்டவில்லை. சந்தேகம் வந்து கதவை இழுத்துப் பார்த்தார். கதவு திறந்தது, சைரன் அலற ஆரம்பித்தது. வரிசையில் நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பதறிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திறந்த பூட்டுப் படத்தை அமுக்கினார். சைரன் நின்றது, நான்கு கதவும் டபக்கென்று பூட்டிக்கொண்டது.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டன. அலாரம் காவலுக்கு நிற்கும்போது கதவு திறந்திருக்கும். கதவு பூட்டியிருந்தால் காவல் இருக்காது. உலகத்தில் எந்தத் திருடனுக்கும் இந்த வசதியை யாரும் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

காணிப்பாக்கத்தில் பொய் சொன்னால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது ஊர் அறிந்தது. எங்கெங்கிருந்தோ வந்து சத்தியம் செய்கிற இடம் அது. அந்த இடத்தில் நின்றுகொண்டு இவர் என்னிடம், "கம்பெனி செட்டிங்கே இப்டித்தான் கீது" என்றார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் பிரம்மச்சாரி, புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்திருக்கும். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைக் கழற்ற வேண்டும், கழற்ற வேண்டுமென்றால் கயிற்றை அறுக்க வேண்டும். சாமி முன்னால் கட்டியதை அறுப்பதாவது. கயிறு தானாக இற்று விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல நூல் கயிறு அது. இன்றைக்கு வரைக்கும் இற்று விழவில்லை.

சரி, அலாரம் பக்கமே போகாமல் சாவியை வைத்தே காலம் தள்ளலாம் என்று பார்த்தேன். அது விடவில்லை. இஞ்சினை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே காவலுக்கு நின்றுவிடும். அதாவது நான் சாவி போட்டு நான்கு கதவையும் பூட்டிவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள், பின்னால் கீக் என்று சத்தம் கேட்கும், நான்கு கதவும் திறந்துகொள்ளும். திரும்பி வந்தால் முதலில் திறந்த பூட்டுப் படத்தை அமுக்க வேண்டும். காவல் போகும், கதவு பூட்டிக்கொள்ளும். உடனே சாவியைப் போட்டுத் திறந்து ஏறிவிட வேண்டும். தாமதித்தால் அதற்கு மறுபடி சந்தேகம் வந்துவிடும். கீக். கதவு தானாகத் திறக்கும். ஆசையாகத் திறந்தால் ஊரைக் கூட்டும்.

கையில் சாப்பாட்டுப் பை, தோளில் ஹாண்ட்பேக், அதற்குள் எங்கேயோ சாவி. நான் எப்போதும் தாமதம்தான். எதிர்வீட்டு டெய்லர் முதல் வாரம் கத்தரிக்கோலோடு வெளியே ஓடி வந்தார். இரண்டாவது வாரம் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் சைரன் கேட்டால் அவர் மணி பார்த்துக்கொள்வார், நான் ஆபீசுக்குக் கிளம்பியாகிவிட்டது என்று. தெரு நாய் மட்டும் கடைசி வரைக்கும் பழகவே இல்லை. அலாரம் கத்தும்போதெல்லாம் அதுவும் வானத்தைப் பார்த்து ஊளையிடும்.

கடைசியில் என்ன ஆயிற்று என்றால், ரிமோட் அவர் கைக்குப் போய்விட்டது. அவர் அமுக்குவார், நான் சாவி போடுவேன். அந்தக் கூட்டு வேலை நன்றாக நடந்தது. ஆனால் அவர் இல்லாமல் நான் காரை எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. கார் ஓட்ட நான், கதவு திறக்க அவர். லைசென்ஸ் வாங்கினது இதற்கா?

நான் ஒரு தனியார் பால் கம்பெனியில் வேலை செய்கிறேன். சித்தூர் நிலையத்துக்கு வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தச் சமயத்தில் பலமனேர் பக்கத்துக்கு ஒரு சூப்பர்வைசர் தேவை என்று அறிவித்தார்கள். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பால் எடுக்கிற இடங்களைப் பார்க்க வேண்டும். சொந்த வண்டி வேண்டும், தானே ஓட்ட வேண்டும். இஷ்டம் உள்ளவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு திருப்பதி ஆபீசுக்கு வரலாம், அங்கேயே ஓட்டுவதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். வருஷக்கணக்காக ஒரே மேஜையில் ஒரே கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும் எவ்வளவு வேண்டும் என்று.

அவரும் கூட வருவதாகத்தான் இருந்தார். அன்றைக்கு என்று பார்த்து அவருக்குப் பரீட்சை டியூட்டி விழுந்தது. பஸ்ஸில் போய்விட்டு வா என்றார். பஸ்ஸில் போய் இறங்கி எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று சொல்லச் சொல்கிறாரா? கேட்டேன். அடுத்த வாரம் கேட்டுப் பார், நான் வருகிறேன் என்றார். சந்திரகிரி தாண்டினால் லாரி எப்படி வரும் தெரியுமா என்றார். கடைசியில் நான் குரலை உயர்த்திவிட்டேன்.

"மாமா, நீ கதவத் தொறந்தாத்தான் நான் போவணும்னா, வாழ்நாள் பூரா நான் இந்தத் தெருவத் தாண்ட முடியாது."

மறுநாள் காலையில் அவர் ரிமோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

முதல் முதலாகத் தனியாக ஹைவேயில் போனேன். பூதலப்பட்டு தாண்டும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பாகாலா தாண்டியதும் கொஞ்சம் மூச்சு விட்டேன். சந்திரகிரி வரும்போது நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தி இறங்கினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

குடித்துவிட்டு வந்து திறந்த பூட்டுப் படத்தை அமுக்கினேன். கதவு பூட்டியது. சாவியைத் தேடினேன். ஹாண்ட்பேக்கில் சீப்பு வந்தது, மாத்திரை வந்தது, பஸ் டிக்கெட் வந்தது, சாவி வரவில்லை. வந்தபோது கீக். அவசரத்தில் கதவை இழுத்துவிட்டேன். அலறியது. இளநீர்க்காரர் கையில் அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அந்தப் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினேன் பாருங்கள், பொத்தான் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. ரிமோட் செத்தது. சைரன் சாகவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். பரீட்சை ஹாலில் இருக்கிறார், போன் அணைத்திருந்தது. இளநீர்க்காரர் தெலுங்கில் நிதானமாக, அதை நிறுத்திவிடம்மா என்றார். நிறுத்தத் தெரிந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் போனாலும் கத்திக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கத்துவது கத்துகிறது, திருப்பதியைப் பார்த்துக் கத்தட்டும். இஞ்சினை நிறுத்துகிற ஒயர் ஒன்றும் அந்தப் பெட்டியில் இருந்தது. அதை மட்டும் அவர் எங்கேயும் சேர்க்காமல் சுருட்டி விட்டிருந்தார், புண்ணியவான். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் கத்தும், ஓயும். ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். திருப்பதி ரோட்டில் பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் பஞ்சமா? ஊருக்குள் நுழையும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் நடந்ததே வேறு. எனக்கு முன்னால் போன லாரி ஓரம் கட்டியது. ஆட்டோக்கள் ஒதுங்கின. திருப்பதியில் சைரன் கேட்டால் யாரோ பெரிய மனிதர் தரிசனத்துக்குப் போகிறார் என்று ஜனங்கள் வழிவிட்டே பழகியிருக்கிறார்கள். சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் மற்ற பக்கத்தை எல்லாம் நிறுத்தி எனக்குக் கை காட்டினார். மொட்டை போட்ட ஒரு குடும்பம் ஓரமாக நின்று என்னைக் கும்பிட்டது. பதிலுக்கு நானும் லேசாகத் தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு யாரையும் கேட்காமல் மாற்றினேன்.

ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டி இரண்டு கதவையும் விரியத் திறந்து சல்யூட் அடித்தார். உள்ளே இருந்து மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். நிறுத்த இடம் இருந்தது இரண்டு பால் டேங்கருக்கு நடுவில்தான். அலறலோடு பின்பக்கமாக எடுத்தேன். இரண்டு பக்கமும் உரசாமல் ஒரே தடவையில் உள்ளே போய் நின்றது. இறங்கி பானெட்டைத் தூக்கி, சைரனுக்குப் போகிற ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு கட்டியது பெட்டிக்குத்தான், சைரனுக்கு இல்லை, அதனால் சாமி குற்றம் வராது என்று அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்துக்கொண்டேன். சத்தம் நின்றதும் காது இரண்டும் கொய்யென்றது.

எங்கிருந்து இப்படியே வருகிறீர்கள் என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். சந்திரகிரியிலிருந்து என்றேன். அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார், பிறகு டேங்கர்களைப் பார்த்தார்.

"இந்த அம்மாவை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வாங்க, பாலைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

பாலைப் பற்றி என்னை யாராலும் மடக்க முடியாது. அடுத்த மாதத்திலிருந்து பலமனேர் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது கார் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மின்சாரப் பாடத்தில் ஆரம்பித்துக் காணிப்பாக்கத்தில் சொன்ன பொய் வரைக்கும் நல்ல வரிசையாக வந்திருந்தது.

சாயங்காலம் எங்கள் தெரு முனையில் திரும்பினேன். அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். டெய்லரும் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் மெயின் ரோடு பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றதால் நான் பக்கத்தில் வந்து நிறுத்தியதைக் கவனிக்கவில்லை. ஹாரன் அடித்தேன். அவர் துள்ளித் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் போட்டுக்கொண்டு போன சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மத்தியானமே டியூட்டி முடிந்து வந்தவர் வீட்டுக்குள்ளேயே போகவில்லை என்று டெய்லர் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

"சத்தமே கேக்கலியே. எங்க நிறுத்தி எடுத்தாலும் ரெண்டு தெருவுக்குக் கேக்குமே. காதை வச்சிக்கினே நின்னுக்கினு கீறேன், ஒண்ணியும் காணோம்" என்றார். கண் நிறைந்துவிட்டது. வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. சைரனுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

அவர் கையில் போன் இருந்தது. என் நம்பர்தான் திரையில் இருந்தது.

"அவ்ளோ பயம்னா ஒரு போன் பண்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"எப்டிப் பண்றது? நீ வண்டி ஓட்டிக்கினு இருப்பே இல்ல" என்றார்.

வரிசையாக வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. எட்டி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டேன். வீடு நான்கு வாசல் தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.